மஞ்சள் நாடாவுக்கு உள்ளே

களத்தில் உருட்டிப் போட்டிருந்த மரத்தின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவள் பட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நீளக் கத்தியின் இரண்டு பிடிகளையும் பற்றித் தன் பக்கமாக இழுத்தால், ஈரம் காயாத மரத்தில் பட்டை நாக்கு நாக்காகச் சுருண்டு விழும். வெட்டிப் போட்டு நாளான மரமென்றால் அப்படி வராது. சீவிச் சீவித்தான் எடுக்க வேண்டும். மாலையில் தோள்பட்டை கழன்றுவிடும். அவளோடு வரிசையாக நின்று உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருடைய உள்ளங்கையும் மரப்பால் பட்டுக் கறுத்திருந்தது.

"மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சேன், சோப்பு போட்டேன், சாம்பல் போட்டேன். போவேனாங்குது" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"கையையும் சேர்த்து உரிச்சாத்தான் போகும். இங்க நீட்டு" என்று இவள் கத்தியைத் தூக்கிக் காட்டினாள். பெண்கள் சிரித்தார்கள்.

மேலே சரிவில் ரம்ப மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் தன் புருஷனுடைய மெஷின் எது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். பழைய மெஷின்; மரத்தில் பல் பதியும்போது லேசாக இருமும். அவனை எல்லோரும் நெட்டையன் என்றுதான் கூப்பிட்டார்கள். கம்பெனி கொடுத்த லைன் வீட்டு நிலையில் குனியாமல் நுழைய முடியாத உயரம். மரம் விழுந்ததும் மெஷினை அணைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பான். பெட்ரோல் வீணாவது அவனுக்குப் பொறுக்காது.

அன்று அந்த மெஷின் இருமி இருமி ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மரம் சாய்கிற சத்தம் வரவில்லை. மெஷினும் நிற்கவில்லை. பல் எதிலும் பதியாமல் சும்மா ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கத்தியை இழுப்பதை நிறுத்தினாள். "என்ன?" என்றாள் பக்கத்தில் நின்றவள். அவள் சரிவைப் பார்த்தாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

சரிவில் அவளுடைய தம்பி ஓடி வந்தான். அவன் நெட்டையனுக்கு உதவியாள். ஆப்பு அடிப்பது, கொடி அறுப்பது, கயிறு பிடிப்பது அவன் வேலை. "அக்கா" என்றான். மறுபடியும் "அக்கா" என்றான்.

அவள் மேலே ஏறிப் போனபோது ஆட்கள் கிளையைப் புரட்டித் தள்ளியிருந்தார்கள். ஆள் பருமன் இருந்த வெள்ளைக் கிளை. பட்டையெல்லாம் எப்போதோ உதிர்ந்து, எலும்பு மாதிரி வழுவழுவென்று கிடந்தது. நெட்டையன் வேரில் முதுகைச் சாய்த்துக் கிடந்தான். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. காதிலிருந்து மட்டும் ரத்தம் இறங்கிச் சட்டைக் காலரில் ஊறிக்கொண்டிருந்தது. பாதி அறுத்த மரத்தில் மெஷின் சிக்கியபடி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மெஷின அணைடா மாப்ள" என்றான் தம்பியைப் பார்த்து. "பெட்ரோல் வீணாப் போகுது."

அவன் பேசியது அவ்வளவுதான். அவளைப் பார்த்தான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். விரல்களில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

கம்பெனி ஜீப்பில் பின்பக்கம் படுக்கவைத்தார்கள். கால்கள் உள்ளே அடங்கவில்லை. கதவைத் திறந்தபடியே கயிறு போட்டுக் கட்டினார்கள். தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி ஏறப் போனான். மேஸ்திரி அவன் தோளைப் பிடித்து, "நீ இரு. இங்க ஒரு வேலை இருக்கு" என்றார். தம்பி இறங்கி நின்றுவிட்டான். ஜீப் புறப்பட்டது.

காட்டுப் பாதை முழுக்கக் குழியும் கல்லும். ஒவ்வொரு குலுக்கலிலும் அவன் மார்பு ஏறி இறங்கியது. அவள் அதிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள். தார் ரோடு வந்ததும் குலுக்கல் நின்றது. மார்பும் நின்றது. அதுவரை ஜீப் குலுங்கியதைத்தான் மூச்சென்று நினைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான்.

எதிர்மலையை முன்பு வேறொரு கம்பெனி மரம் வெட்ட எடுத்திருந்தது. புல் பூண்டு மிச்சமில்லாமல் வழித்துக்கொண்டு போனார்கள். அடுத்த மழையில் மண் சரிந்தது, அதற்கடுத்த கோடையில் ஓடை நின்றது, அந்தப் பக்கத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு எங்கெங்கோ போனார்கள். இந்த மலையில் அப்படி இல்லை. இங்கே வன அதிகாரி அம்மா ஒருத்தி இருந்தாள். மரம் மரமாக நடந்து போய்க் குறி போடுவாள். சிவப்பு வளையம் போட்டது வெட்டலாம். மஞ்சள் போட்டது தொடக்கூடாது. ஒரு சரிவில் வெட்டினால் அதைப் பல வருஷம் ஆற விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போக வேண்டும். கூலி கொஞ்சம்தான், ஆனால் ஆண்டு முழுக்க வேலை இருந்தது. லைன் வீட்டுக் குழாயில் கோடையிலும் தண்ணீர் வந்தது.

செத்துப்போய் நிற்கிற மரங்களையும் அவள் விட்டுவைக்கச் சொன்னாள். "காஞ்சுதானே நிக்குதுன்னு கை வெச்சுடாதீங்க. உசுரோட இருக்கிற மரத்தைவிட செத்த மரத்துலதான் குடித்தனம் அதிகம்" என்று களத்தில் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னாள். ஆந்தை, மரங்கொத்தி, வௌவால், தேனீ எல்லாவற்றுக்கும் பொந்து வேண்டுமாம். "அதுக்காகக் கிட்டப் போயும் நிக்காதீங்க. எந்தக் கிளை எப்போ விழும்னு சொல்ல முடியாது." அதனால் ஒவ்வொரு செத்த மரத்தையும் சுற்றி, அது விழுந்தாலும் எட்டாத தூரத்தில், மஞ்சள் நாடா கட்டுவாள். நாடாவுக்கு உள்ளே இருக்கிற மரம் பச்சை மரமானாலும் வெட்டக்கூடாது, ஆளும் நுழையக்கூடாது.

அவள் அப்படிச் சொன்ன அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நெட்டையன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "ஆந்தைக்கு வாடகை இல்லாம வீடு. நமக்கு லைன் வீட்டுல கூரை ஒழுகுது. மேடத்துக்கிட்ட சொல்லி நம்மளையும் அந்தப் பொந்துல சேத்துக்கச் சொல்லணும்." "நீங்க நுழையணும்னா காலை வெளிய தொங்க விட்டுக்கிட்டுத்தான் படுக்கணும்" என்றாள் அவள்.

அவன் செத்த நாள் காலையில், அவள் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, மேஸ்திரி வந்து வாசலில் நின்றார். லாரிக்கு லோடு குறைகிறது, கம்பெனியிலிருந்து போன் மேல் போன் என்றார். "அந்த நெட்டை செத்த மரம் இருக்குல்ல, அதைச் சுத்தி மூணு மரம் நல்ல பருமன்ல நிக்குது. பாதைக்கும் பக்கம். நாடாவ உள்ள தள்ளிக் கட்டச் சொல்லிட்டேன். இன்னைக்கு மூணும் இறங்கிடணும்."

"அண்ணே, அதுக்கும் இதுக்கும் கொடி பின்னிக் கிடக்கு. இதை ஆட்டினா அதுவும் ஆடும்" என்றான் நெட்டையன்.

"கொடியை அறுத்துட்டு வெட்டு."

"உச்சியில இருக்கிறத எப்படி அறுக்கிறது?"

"உனக்கு முடியலைன்னா சொல்லு. மெஷின வேற ஆளுகிட்ட குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி அடுத்த வீட்டுக்குப் போனார்.

நெட்டையன் ஷூவை எடுத்து மாட்டி அதன் நாடாவை இறுக்கிக் கட்டினான். கிளம்பும்போது, "உன் தம்பிக்கு ரெண்டு ரொட்டி கூட வை. அந்தப் பொண்ணால இப்ப குனிஞ்சு நிமிந்து சமைக்க முடியாது" என்றான். தம்பி பெண்டாட்டி நிறைமாதம். தம்பியை அவர்கள்தான் வளர்த்தார்கள். அவளுக்குக் கல்யாணமானபோது அவன் மூக்கு ஒழுகிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தவன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நெட்டையன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவான், பிறகு வேலை கற்றுக்கொடுத்தான், கல்யாணமும் செய்துவைத்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் மேஸ்திரி வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"என் கூடப் பிறந்தவன் போன மாதிரி இருக்கும்மா எனக்கு" என்றார். உண்மையிலேயே அவர் கண் சிவந்திருந்தது. "விசாரணைக்கு வெளியிலேருந்து ஆள் வராங்க. உன்னையும் கூப்பிடுவாங்க. நீ துக்கத்துல இருக்கே. ஏதாவது வாய்க்கு வந்ததச் சொல்லி, அவங்க காட்டையே மூடிட்டாங்கன்னா? இத்தனை வீட்டு அடுப்பும் இதை நம்பித்தான் எரியுது. போனவன் திரும்பி வரப் போறதில்ல. இருக்கிறவங்கள நினைச்சுப் பாரு."

அவர் கொண்டுவந்திருந்த பழப் பையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்கடுத்து வன அதிகாரி வந்தாள். தரையில் இவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவளுடைய கறுத்த உள்ளங்கை அதிகாரியின் விரல்களுக்குள் கிடந்தது.

"நான் அங்க போய்ப் பார்த்தேன். எனக்குப் புரியவே இல்ல. நாடா நான் கட்டின இடத்துலதான் இருக்கு. அவர் அனுபவப்பட்ட ஆள். அது தெரிஞ்சும் ஏன் தாண்டி உள்ள போனார்?"

இவள் நிமிர்ந்தாள். "எந்த இடத்துல இருக்கு?"

"அதே இடத்துல. ஒரு அடி மாறல. யாராவது போகச் சொன்னாங்களா? உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. எதையும் மறைக்கச் சொல்லி நான் கேக்க மாட்டேன்." அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்: "இந்த மலையில இந்த ஏற்பாட்டை நிக்கவைக்க நான் ஏறாத ஆபீஸ் இல்ல. கம்பெனி ஆளுங்களே நாடாவை நகர்த்தினாங்கன்னு ஆச்சுன்னா, கம்பெனிக்கு அனுமதி போயிடும். போகட்டும்னுதான் சொல்லணும். ஆனா அடுத்து வரக் காத்துட்டு இருக்கிறவன் எதிர்மலையை வழிச்சவன்."

அதிகாரி போன பிறகும் அவள் சொன்னது காதிலேயே நின்றது. மேஸ்திரி உள்ளே தள்ளிக் கட்டச் சொன்ன நாடா. ஒரு அடி மாறாமல் பழைய இடத்தில் இருக்கிறது.

சாயங்காலம் தம்பி வந்தான். தட்டில் சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான்; வாயில் வைக்கவில்லை.

"நாடாவ உள்ள தள்ளிக் கட்டினது யாருடா?"

அவன் கை நின்றது. "நான்தான்கா. முந்தின நாள் சாயங்காலம். மேஸ்திரி சொன்னார்."

"மாமாவுக்குத் தெரியுமா, நீதான் கட்டினேன்னு?"

"தெரியும். திட்டினார். அப்புறம், சரி வா, சீக்கிரம் முடிச்சிட்டு வெளிய வந்துருவோம்னார்."

"திரும்ப வெளியில இழுத்துக் கட்டினது?"

அவன் தட்டையே பார்த்தான். தோள் குலுங்கியது. அவளுக்கு ஜீப் கதவு ஞாபகம் வந்தது. ஏறப் போன அவனுடைய கால், தோளில் மேஸ்திரியின் கை. இவள் நெட்டையன் தலையை மடியில் வைத்துக்கொண்டு குழியும் கல்லுமாக இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இவன் மரம் மரமாகப் போய் நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"எனக்கு ஒண்ணுமே ஓடலக்கா. அவர் சொல்லச் சொல்ல செஞ்சேன். முடிச்சே விழல. அவர்தான் பிடிச்சுக்கிட்டார்." அவன் தட்டைத் தள்ளிவிட்டு அவள் காலடியில் குனிந்தான். "இப்ப நான் உண்மையச் சொன்னா, நாடாவ நகர்த்தினவன் நீதானேன்னு முதல்ல என்னைத்தான் பிடிப்பாங்களாம். மேஸ்திரி சொல்றார். அவ இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா, அக்கா."

அவள் அவனை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் தலையில் போய் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. தலைமயிரில் இன்னும் மரத்தூள் இருந்தது.

விசாரணை கம்பெனி ஷெட்டில் நடந்தது. மெஷின்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு மேஜை போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த நரைத்த தலைக்காரர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பொறுமையான மனிதர்; எல்லோரையும் உட்காரச் சொல்லித்தான் கேள்வி கேட்டார். வன அதிகாரி ஒரு பக்கம், மேஸ்திரி ஒரு பக்கம். வாசலில் பட்டை உரிக்கும் பெண்கள் எல்லோரும் வேலையை விட்டு வந்து நின்றார்கள்.

தம்பியை முதலில் கூப்பிட்டார்கள். நாடா எங்கே இருந்தது என்று கேட்டபோது, "மேடம் கட்டின இடத்துல" என்றான். ஏன் உள்ளே போனீர்கள் என்று கேட்டபோது, "மாமாதான், நல்ல மரம், யாரும் பாக்க மாட்டாங்க வாடான்னார்" என்றான். குரல் அவனுக்கே கேட்காத மாதிரி இருந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். சொன்னான். வன அதிகாரி கண்ணை மூடித் திறந்தாள். மேஜையைப் பற்றியிருந்த அவளுடைய விரல்கள் தளர்ந்ததை இவள் பார்த்தாள்.

அடுத்து இவளைக் கூப்பிட்டார்கள்.

"உங்க வீட்டுக்காரர் அன்னைக்குக் காலையில எங்க வெட்டப் போறேன்னு ஏதாவது சொன்னாராம்மா?" என்றார் நரைத்த தலைக்காரர்.

"அவரா ஒண்ணும் போகல" என்றாள். ஷெட்டில் சத்தம் அடங்கியது. "மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படியில இருந்தேன். அந்த மூணு மரமும் இன்னைக்கு இறங்கணும், நாடாவ தள்ளிக் கட்டச் சொல்லிட்டேன்னார். எங்க வீட்டுக்காரர் முடியாதுன்னார். கொடி பின்னியிருக்குன்னு சொன்னார்."

மேஸ்திரி அசையவில்லை. வன அதிகாரி திரும்பி அவரைப் பார்த்தாள். நரைத்த தலைக்காரர் முன்னால் சாய்ந்தார்.

"நாடாவை யாரு தள்ளிக் கட்டினாங்க?"

அவள் வாயைத் திறந்தாள். தம்பி சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசல் கூட்டத்தில் அவன் பெண்டாட்டி, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் வயிற்றின் அடியைத் தாங்கிக்கொண்டு நின்றாள். நிற்க முடியாமல் கால் மாற்றினாள். பக்கத்திலிருந்த பெண்கள் அவளுக்கு இடம் விட்டார்கள். எல்லோரும் இவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க. கட்டினது யாரு?"

"தெரியாது."

"மேஸ்திரி சொன்னது மட்டும் தெரியும், யார் செஞ்சாங்கன்னு தெரியாது. அப்படித்தானே?"

இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரிந்தது. மேஸ்திரி யாரிடம் சொன்னார் என்பார்கள். அன்று நெட்டையனோடு வேலைக்குப் போனது ஒரே ஆள்தான்.

"இல்லைங்க" என்றாள். "அடுப்பு ஊதிட்டு இருந்தேன். புகை. வேற எதையோ பேசினதை நான் தப்பாக் காதுல வாங்கியிருப்பேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"தப்பாத்தான் கேட்டிருக்கேன். அவரு தானாத்தான் போயிருக்கார்."

நரைத்த தலைக்காரர் பேனாவை எடுத்தார். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் அவளால் முடியவில்லை. அந்தப் பேச்சு அவள் வாயிலேயே இருந்தது. ஒரு நாளும் மஞ்சள் குறி போட்ட மரத்தைத் தொடாதவன், தானாகவே நாடாவைத் தாண்டிப் போனான் என்று அவனைக் கட்டிக்கொண்டவளே சொல்லியாகிவிட்டது. கடைசியில் பட்டை உரிக்கும் பெண்களில் ஒருத்தி உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். "வா. நல்ல காரியம் பண்ணினே" என்று காதோடு சொன்னாள்.

தடை செய்யப்பட்ட இடத்தில் தொழிலாளி தன்னிஷ்டப்படி நுழைந்ததால் நேர்ந்த விபத்து என்று முடிவானது. அதனால் நஷ்ட ஈடு இல்லை. காட்டைப் பராமரித்த விதத்தில் குறை எதுவும் இல்லையென்று கம்பெனியின் அனுமதியைப் புதுப்பித்தார்கள். நெட்டையனின் மெஷின் தம்பிக்கு வந்தது. மெஷின்காரனுக்கு உள்ள வீடும் அதோடு அவனுக்கு மாறியது. அவள் அங்கேயே, அவர்களோடு இருந்துகொண்டாள். தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ராத்திரியில் அது அழுதால் அவள்தான் எடுத்து வைத்துக்கொள்வாள். தம்பியும் அவளும் குழந்தையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

அவளுக்குத் தோள் முன்போல வரவில்லை. கத்தியை இழுத்தால் பாதியில் நின்றது. வன அதிகாரி கம்பெனியில் பேசி அவளுக்கு லேசான வேலை வாங்கிக்கொடுத்தாள்: லாரியில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு மரத்தின் அடிமுனையிலும் முத்திரை குத்துவது. கைப்பிடி வைத்த ரப்பர் அச்சு, ஒரு டப்பா பச்சைப் பெயிண்ட். காட்டுக்கும் அதை நம்பி இருக்கிற எந்த உயிருக்கும் கேடு இல்லாமல் வெட்டிய மரம் என்பதற்கு அடையாளம் அது. அது இருந்தால்தான் வெளியூரில் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்களாம்.

ஒரு நாள் மத்தியானம் மேலேயிருந்து மரம் இழுத்து வந்து களத்தில் போட்டார்கள். லாரி என்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. அவள் அச்சைப் பெயிண்டில் தோய்த்துக்கொண்டு வரிசையாகக் குத்திக்கொண்டே வந்தாள். ஒரு பெரிய மரத்தின் முன்னால் வந்ததும் நின்றாள்.

அதன் அடிமுனை இரண்டு நிறமாக இருந்தது. ஒரு பாதி வெயிலும் மழையும் பட்டுக் கறுத்திருந்தது. மறு பாதி புதிதாக அறுத்த வெள்ளை. இரண்டு அறுப்பும் ஒரே மட்டத்தில் சேரவில்லை. நடுவில் விரல் உயரத்துக்கு ஒரு படி விழுந்திருந்தது. விசாரணை முடியும்வரை யாரும் தொடக்கூடாதென்று இரும்புக் கயிறு போட்டு நிறுத்திவைத்திருந்த மரம். பாதி அறுந்து நிற்பது ஆபத்தென்று இப்போது இறக்கியிருந்தார்கள். கறுத்த பாதியில் மெஷின் பல்லின் கோடுகள் நெருக்கமாக, ஒரே சீராக ஓடி, நடுவில் சட்டென்று நின்றிருந்தன.

அவள் தம்பியைத் தேடினாள். அவன் களத்தின் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மெஷின் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் அச்சை வைத்து அழுத்தினாள். படி தடுத்தது. வெள்ளைப் பாதியில் மட்டும் பச்சை விழுந்தது.

"அக்கா, பாதிதான் விழுந்திருக்கு" என்று லாரி மேலே நின்றவன் கத்தினான். "இப்படிப் போனா அங்க திருப்பி அனுப்பிடுவான். சீக்கிரம் ஆகட்டும், நேரமாகுது."

அவள் அச்சை மறுபடியும் பெயிண்டில் தோய்த்தாள். கறுத்த பாதியின் மேல் வைத்து, பெயிண்ட் இறங்கும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.